ஜிடிஎக்ஸ் 1060-இல் ரே டிரேசிங்: செட்டிங்கை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?

போன தீபாவளிக்குத் திருநகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன், சாப்பிட்டு முடித்த கையோடு என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேஜையில் அவனுடைய கம்ப்யூட்டர்: ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1080பி மானிட்டர். யூடியூபில் ஒரு கேம் வீடியோவை நிறுத்திக் காட்டினான். மழை ஓய்ந்த தெரு. தேங்கிய தண்ணீரில் கடை விளக்குகள் நடுங்கிக்கொண்டு தெரிகின்றன. "மாமா, இது நம்ம கார்டுல வருமா? வராதுன்னா எந்தக் கார்டுக்குக் காசு சேர்க்கணும்?"

அன்றைக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. டியூஷன் எடுத்து அவன் ஒரு வருஷமாகச் சேர்க்கிற பணம் அது. தப்பான கார்டில் போட்டுவிட்டால் திரும்பாது. அதனால் அடுத்த இரண்டு மாதம், சனி ஞாயிறுகளில் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் போட்டுப் பார்த்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1060, 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580 மாதிரி ஒரு கார்டு கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அந்த மழைத் தெரு வீடியோவில் தெரிகிற ரே டிரேசிங்குக்காக (ஒளிக்கதிரின் பாதையைப் பின்தொடர்ந்து வெளிச்சத்தைக் கணக்கிடும் முறை) மட்டும் அதை மாற்ற வேண்டாம். நீங்கள் ஆசைப்படும் ஏதாவது ஒரு கேம் அந்தக் கார்டில் திறக்கவே மறுக்கும் நாள் வரை, வெளிச்சம் நிழல் செட்டிங்குகளைப் புரிந்துகொண்டு மாற்றுவதுதான் லாபம். அந்த நாள் வந்துவிட்டால், கார்டைப் பார்க்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டியைப் பாருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

திருமலை நாயக்கர் மகாலுக்கு மத்தியான வேளையில் போனவர்களுக்கு ரே டிரேசிங் எதற்கு என்று விளக்குவது சுலபம். வெயில் விழுவது நடு முற்றத்தில் மட்டும். ஆனாலும் சுற்றியிருக்கிற பெரிய வெள்ளைத் தூண்களின் உள்பக்கமோ, வளைவுகளின் அடிப்பக்கமோ இருண்டு கிடப்பதில்லை. தரையில் பட்ட வெளிச்சம் தெறித்துத் தூணுக்குப் போகிறது, தூணிலிருந்து வளைவுக்கு ஏறுகிறது, உள்ளே போகப் போக மங்குகிறது. கேம் உலகில் இந்தத் தெறிப்பைக் குளோபல் இல்லுமினேஷன் என்கிறார்கள்.

பழைய கேம்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, சுவர் மேல் படமாக ஒட்டிவிடும். கேம் தயாரிக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் மணிக்கணக்கில் உழைத்துப் போட்ட கணக்கு அது. நம் கார்டு அந்தப் படத்தை எடுத்துக் காட்டினால் போதும். இதனால்தான் பத்து வருஷப் பழைய கேம்களில் சில அறைகள் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கின்றன. குறை என்னவென்றால், சூரியன் நகரக் கூடாது, கதவு திறந்து புது வெளிச்சம் உள்ளே வரக் கூடாது. பகலும் இரவும் மாறுகிற பெரிய திறந்தவெளி கேம்களுக்கு இது பத்தாது. அங்கேதான் ரே டிரேசிங் வருகிறது: ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதை ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், புதிதாகக் கண்டுபிடிப்பது.

கண்டுபிடிப்பது என்றால் லேசான வேலை இல்லை. ஒரு காட்சியில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும். கதிர் எதில் படுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க முடியாது. தபால்காரர் வீடு தேடுவது போல, முதலில் மாவட்டம், அப்புறம் தாலுகா, அப்புறம் தெரு, கடைசியில் கதவு எண் என்று பெட்டிக்குள் பெட்டியாகப் பிரித்து வைத்துத் தேடுகிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இந்தத் தேடலுக்கென்றே தனி வன்பொருள் இருக்கிறது. அதைத்தான் ஆர்டி கோர் என்கிறார்கள். ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்து அதற்கு இணையான ஒன்று உண்டு. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் அப்படி எதுவும் கிடையாது. நிறம் தீட்டுகிற அதே 1280 கோர்கள்தான் இந்தத் தேடலையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

1080பி திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு ஒரே ஒரு கதிர் என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 60 பிரேமுக்கு 12 கோடிக்கும் மேல் கதிர்கள். ஒவ்வொரு கதிரும் எத்தனையோ பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு பிரேமுக்குக் கிடைக்கிற மொத்த நேரம் 16.7 மில்லிநொடி, 30 பிரேமுக்கு இறங்கி வந்தால் 33.3. வெளிச்சம், நிழல், புல், மனிதர்கள், துப்பாக்கிப் புகை எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். இந்த 16.7-ஐ மாசச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் வழி: இருக்கிற கார்டிலேயே ரே டிரேசிங்கைப் போட்டுவிடுவது. முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 2019 ஏப்ரலில் என்விடியா ஒரு டிரைவர் வழியாக 1060 6 ஜிபி முதல் மேலே உள்ள ஜிடிஎக்ஸ் கார்டுகளுக்கும் இதைத் திறந்துவிட்டது. முதல் மூன்று கட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும் குவேக் 2 ஆர்டிஎக்ஸை இறக்கிப் பார்த்தோம். படம் வந்தது. சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து மருமகன் வாயைப் பிளந்தான். ஆனால் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியும் ஆல்பம் புரட்டுவது போலத் தனித்தனிப் படமாக வந்தது. ரெசல்யூஷனை இறக்க இறக்க வேகம் கூடியது, ஆனால் பார்க்க வந்த வெளிச்சமே கலங்கிப் போனது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள, ரே டிரேசிங் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இது சரி. விளையாட ஆகாது. ஒரு மாலைக்கு மேல் இதில் செலவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, வழக்கமான எஃபெக்டுகளிலேயே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்து முடிவு செய்வது. இதில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம், அதிகப் பலனும் இதில்தான் கிடைத்தது. 'அல்ட்ரா', 'ஹை', 'மீடியம்' என்று மொத்தமாக ஒரே பொத்தானை அழுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு எஃபெக்டும் கேட்கும் விலை வேறு, தரும் அழகு வேறு.

நிழலை எடுத்துக்கொள்வோம். விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்து, அதற்கு என்னென்ன தெரிகிறது என்று ஒரு படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் தெரியாத இடமெல்லாம் நிழல். ஷேடோ மேப் என்பது இதுதான். சூரியன் ஒரே திசையில் இருப்பதால் சமாளித்துவிடலாம். பெரிய கார்த்திகையன்று வாசலில் வரிசையாக அகல் ஏற்றியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அகல் எல்லாப் பக்கமும் ஒளி வீசுகிறது. அதனால் ஒவ்வொரு அகலுக்கும் ஆறு திசைக்கு ஆறு படம் எடுக்க வேண்டும். முப்பது அகல் என்றால் 180 படம், அதுவும் சுடர் அசைய அசைய ஒவ்வொரு பிரேமிலும். அதனால்தான் கேம்களில் அறை நிறைய விளக்கு எரிந்தாலும் சில விளக்குகளுக்கு மட்டுமே நிழல் விழுகிறது. கவனித்துப் பார்த்தால் தெரியும்.

இந்த நிழல் படத்தின் பக்க அளவை 2048 புள்ளியிலிருந்து 4096-க்கு ஏற்றினால் இரண்டு மடங்கு வேலை என்று தோன்றும். நீளம், அகலம் இரண்டும் கூடுவதால் அது நான்கு மடங்கு. இந்த உயர்வு ஓரங்களில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஓடிக்கொண்டே விளையாடும்போது அதுவும் தெரியாது. ஆகவே நிழலை 'ஹை'யில் நிறுத்துங்கள். ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பில் 'ஹை ரெசல்யூஷன் ஷேடோஸ்', 'எக்ஸ்டெண்டட் ஷேடோ டிஸ்டன்ஸ்' இரண்டையும் அணைத்து, பிரதிபலிப்பின் ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏவையும் எடுத்துவிட்டு, புல்லை ஒரு படி இறக்கினோம். படத்தில் என்ன மாறியது என்று அக்காவிடம் கேட்டோம். அவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஓட்டம் மட்டும் பட்டுப் போல ஆகிவிட்டது.

ஆம்பியன்ட் ஆக்லூஷனை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருமை கட்டியிருக்கும். அந்தக் கருமைதான் தூணுக்குக் கனத்தைக் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் தூண் தரையில் நிற்காமல் மிதப்பது போல இருக்கும். கேமிலும் அப்படியே. 2007-இல் கிரைசிஸ் கேமில் இதைத் திரையில் தெரியும் ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை வந்தது. இன்றுவரை ஏறக்குறைய எல்லா கேமிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. 1060-க்கு இது தாங்கக்கூடிய செலவுதான். கொடுத்த மில்லிநொடிக்கு இவ்வளவு அழகைத் திருப்பித் தரும் எஃபெக்ட் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

பிரதிபலிப்பு கொஞ்சம் சிக்கலானது. பொற்றாமரைக் குளத்தின் வடகரையில், தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் நின்று பாருங்கள். தெற்குக் கோபுரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரியும். இப்போது தலையைக் குனிந்து தண்ணீரை மட்டும் பாருங்கள். கோபுரம் உங்கள் பார்வையிலிருந்து போய்விட்டது. தண்ணீரில் மட்டும் அப்படியே நிற்கிறது. நம் கார்டுகளில் ஓடும் ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷனால் இதைச் செய்ய முடியாது. திரையில் ஏற்கெனவே வரைந்த படத்திலிருந்துதான் அது பிரதிபலிப்பை எடுக்கிறது. கேமராவைத் தாழ்த்தி, கோபுரம் திரையை விட்டு வெளியேறிய நொடியே தண்ணீரிலும் கோபுரம் கரைந்துவிடும். ரே டிரேசிங்கில் கரையாது, ஏனென்றால் அந்தக் கதிர் திரைக்கு வெளியே போயும் கோபுரத்தைத் தேடும். மருமகன் காட்டிய மழைத் தெரு வீடியோவின் ரகசியம் முழுக்க இதுதான்.

ஆக, பிரதிபலிப்பில் மட்டும் பழைய கார்டு உண்மையாகவே தோற்கிறது, அதை மறைப்பதற்கில்லை. என்றாலும் ஸ்கிரீன் ஸ்பேஸ் முறையை 'மீடியம்' அளவில் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈரத் தரையில் விளக்கின் சாயல் விழுந்தாலே காட்சிக்கு உயிர் வந்துவிடுகிறது. ஓரத்தில் கரைவதைக் கண் பழகிக்கொள்ளும்.

மூடுபனி, ஜன்னல் வழியாக விழும் ஒளிக்கற்றை போன்ற வால்யூமெட்ரிக் எஃபெக்டுகள் அழகு. ஆனால் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 2019-இல் பிசிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் இதற்கென்றே பல செட்டிங்குகள் உண்டு. அதில் பக்கத்துப் பனியின் ரெசல்யூஷனையும், தண்ணீர் இயக்கத்தின் தரத்தையும் இறக்கியதில் லாபம் கிடைத்தது. டெக்ஸ்சரை, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, 'அல்ட்ரா'வில் வைத்தோம். டெக்ஸ்சருக்கு விராம் (கார்டிலேயே இருக்கும் நினைவகம்) இருந்தால் போதும், கோர்கள் உழைக்க வேண்டியதில்லை. 6 ஜிபி இருந்தும் டெக்ஸ்சரை 'மீடியத்தில்' வைத்து விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதோடு எஃப்எஸ்ஆரையும் சொல்ல வேண்டும். எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் இரண்டும் படத்தைச் சின்ன அளவில் வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்கித் தரும் முறைகள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும்தான் ஓடும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் முதல் இரண்டு பதிப்புகள் நம் 1060-இலும் ஓடும். 1080பி-யில் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளே 1280-க்கு 720 அளவில்தான் வரைகிறது; அதாவது பாதிக்கும் குறைவான புள்ளிகள். வேகம் கூடும், ஆனால் மரம், முடி, கம்பி வேலி இவை கலங்கும். 24 அங்குல மானிட்டரில் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது. இது அவரவர் கண்.

மூன்றாவது வழி ரீஷேடும், வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் ஷேடர் என்ற சிறு நிரல்களும். ரீஷேடு என்ற மென்பொருள் கேமுக்கு மேல் உட்கார்ந்து, வரைந்து முடித்த படத்தையும் அதன் ஆழத்தையும் எடுத்து, வெளிச்சத் தெறிப்பைச் சேர்த்துத் தரும். பழைய கேம்களில், முக்கியமாக 2010-க்கு முன்னால் வந்தவற்றில், இது நன்றாக எடுபடுகிறது. கார்டுக்கு மீதி வலு இருப்பதால் தாங்குகிறது. புதிய கேம்களில் நம் கார்டு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், இதை மேலே ஏற்றக் கூடாது. பொற்றாமரைக் குளக் குறை இதற்கும் அப்படியே உண்டு, திரைக்கு வெளியே இருப்பது இதற்குத் தெரியாது. ஆன்லைன் கேம்களில் ரீஷேடு போடும் முன் அந்த கேமின் விதியைப் படித்துவிடுங்கள். கணக்கே முடக்கப்படலாம்.

மைன்கிராஃப்ட் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பில் இருக்கும் ரே டிரேசிங்குக்கு அதற்கான வன்பொருள் உள்ள கார்டு வேண்டும். ஜாவா பதிப்புக்கு எழுதப்பட்ட பிஎஸ்எல், காம்ப்ளிமென்டரி போன்ற ஷேடர்கள் எந்தக் கார்டிலும் ஓடும். எஸ்இயூஎஸ் பிடிஜிஐ என்பது கட்டைகளுக்கு நடுவே கதிர்களை மென்பொருள் வழியாகவே அனுப்பிப் பார்க்கிறது. உலகமே சதுரக் கட்டைகளால் ஆனது என்பதால் தேடும் வேலை குறைவு. 1060-இல் காட்சி தெரியும் தூரத்தைக் குறைத்து வைத்து ஓட்டினோம். ஒரு குகைக்குள் தீப்பந்தத்தை வைத்தபோது எதிர்ச்சுவர் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறியதைப் பார்த்து, "மாமா, இதுக்கே காசு குடுக்கலாம்" என்றான்.

கேம் என்ஜினே மென்பொருள் வழியில் கதிரை அனுப்புவதும் உண்டு. 2018-இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸ் ஆர்டிஎக்ஸ் வரும் முன்பே காட்சியைச் சிறு கனசதுரங்களாக மாற்றி வெளிச்சத் தெறிப்பைக் கணக்கிட்டது. அன்ரியல் என்ஜின் 5-இன் லூமென் என்ற வெளிச்ச முறையும் ஆர்டி கோர் இல்லாமல் ஓடக்கூடியது. ஓடும் என்பதுதான் விஷயம், சுகமாக ஓடும் என்று சொல்ல மாட்டேன். லூமெனை நம்பியே ஒளி அமைத்த கேம்களில் அதை அணைத்தால் காட்சி வெறிச்சோடிப் போகிறது, வைத்தால் 1060 திணறுகிறது.

சரி, எப்போது கார்டை மாற்றியே ஆக வேண்டும்?

மெட்ரோ எக்ஸோடஸ் இதற்கு நல்ல உதாரணம். 2019 பதிப்பு நம் கார்டில் அருமையாக ஓடுகிறது. 2021-இல் வந்த என்ஹான்ஸ்டு பதிப்பு ரே டிரேசிங் வன்பொருள் இல்லாவிட்டால் ஓடாது. அப்போதைக்கு அது ஒரு விதிவிலக்கு. பழைய பதிப்பு கையில் இருந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கும், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸுக்கும் வேறு பதிப்பே இல்லை. குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600 வேண்டும். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த 11 ஜிபி 1080 டிஐ-யும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். லினக்ஸில் பழைய ஏஎம்டி கார்டுகளுக்கு மென்பொருள் வழியாக இதைச் சமாளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் முயன்று பார்க்கலாம், அதை நம்பி கேம் வாங்க வேண்டாம். சில நேரம் தடை ரே டிரேசிங்கால் வருவதே இல்லை. 2023-இன் ஆலன் வேக் 2 மெஷ் ஷேடர் என்ற, பழைய கார்டுகளில் இல்லாத வேறொரு வசதியை நம்பியிருந்ததால் 1060 வரிசையில் தடுமாறியது. 2024 மார்ச் அப்டேட்டில்தான் கொஞ்சம் தேறியது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 அக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் வருவதை என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏற்கெனவே ஓடுகிற கேம்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இனி வரும் கேம்களில் ஏதாவது தகராறு என்றால் சரிசெய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாங்குவது என்று முடிவானால் முதலில் கேபினெட்டைத் திறங்கள். மருமகனுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கென்று ஒரே ஒரு 6 பின் வயர்தான் இருந்தது. 120 வாட் எடுக்கும் 1060-க்கு அது போதும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட்தான், ஆனால் 8 பின் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். பேர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் மாற்று வயர் போட்டு ஒப்பேற்றுவதைக் கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், மின்சாரம் ஏறி இறங்குகிற மாலை நேரத்தில் அந்த வயர்தான் முதலில் உருகும். அப்புறம் யூபிஎஸ். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தருவது 360 வாட். பழைய கார்டோடு தாக்குப்பிடித்தது, புதிய கார்டோடு கேம் நடுவில் கரண்ட் போனால் கையை விரித்துவிடலாம். கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 50 வாட் கூடுதலாக எடுக்கும் கார்டில் தினம் நான்கு மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்தான் கூடும். அந்த 12 யூனிட் இலவச 100-ஐத் தாண்டி எந்தப் படியில் விழுகிறது என்று மட்டும் அக்காவிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாவது, சிபியு. ரே டிரேசிங் கார்டின் வேலை மட்டும் இல்லை. அந்த மாவட்டம், தாலுகா அடுக்கைக் கட்டிப் புதுப்பிப்பதில் சிபியுவுக்கும் பங்கு உண்டு. நான்கு கோர் மட்டும் உள்ள ஆறாம் தலைமுறை ஐ5 இதில் திக்குமுக்காடும். புதுக் கார்டு போட்டும் ரே டிரேசிங்கைப் போட்டதும் வேகம் விட்டுவிட்டு வருகிறதே என்று வருந்துகிறவர்கள் பலருக்குக் காரணம் இதுதான்.

இப்போது கார்டுகள். ஆர்டிஎக்ஸ் 2060, பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, ஆர்டி கோரும் டிஎல்எஸ்எஸ்ஸும் உண்டு. ஆனால் பெரும்பாலும் 6 ஜிபிதான். ரே டிரேசிங்குக்கென்று விராமில் தனி இடம் வேண்டும். அந்த முகவரி அடுக்கு முழுவதும் அங்கேதான் உட்காரும். மேலே சொன்ன இரண்டு கேம்களும் 6 ஜிபி 2060-ஐ விட்டுவிட்டு 8 ஜிபி சூப்பரைக் குறைந்தபட்சமாகக் கேட்பதைப் பாருங்கள். 1060-லிருந்து 2060-க்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஒரே ஒரு வகை ஆட்களுக்கானது: ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருப்பவர்கள். 70 வாட்தான், தனி வயரே வேண்டாம். மற்றவர்கள் இதன் பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1060-லிருந்து இதற்கு மாறினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கமே போக வேண்டாம்: 4 ஜிபி, அதோடு மதர்போர்டுடன் தரவு பரிமாற நான்கு லேன் (பாதை) மட்டும், வேகம் குறைந்த நம் பழைய பிசிஐஇ 3 போர்டில் இன்னும் மோசம். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வந்த நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் விராம் முழுவதையும் சிபியு ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாத பழைய போர்டில் அதன் பலத்தில் கணிசமான பங்கு வீண். ஆறாம் தலைமுறை ஐ5-க்கு அது ஒத்துவராது.

மிச்சம் இருப்பது இரண்டு. ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, சாதாரண வேகத்தில் 1060-ஐ எங்கோ விட்டுவிடும், புது கேம்களின் வாசலில் நிற்க வைக்காது. ஆனால் ரே டிரேசிங்கை முழுசாகப் போட்டால் சோர்ந்துவிடும், டிஎல்எஸ்எஸ்ஸும் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி: மின்சாரம் கூடுதல், பொதுவாக விலையும் கூடுதல். ஆனால் ரே டிரேசிங், டிஎல்எஸ்எஸ், விராம் மூன்றும் சேர்ந்து இருக்கிறது. என்விடியா 2025-இல் கொண்டுவந்த புது டிஎல்எஸ்எஸ் படத்தரம் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, இதற்கும் உண்டு. கேம் திறந்தால் போதும் என்பவருக்கு 6600. அந்த மழைத் தெருதான் வேண்டும் என்பவருக்கு 3060. நான் மருமகனுக்குச் சொன்னது 3060. 12 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கச் சொன்னேன், ஏனென்றால் அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் விற்றது, அது மெதுவானது.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் நண்பர் ஒருவர் ஆர்எக்ஸ் 580 என்று நம்பி வாங்கியதில் 2304 கோருக்குப் பதில் 2048 கோர்தான் இருந்தது. விற்றவர் பெட்டியைக் காட்டி வாதாடினார். கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கை, விராம் இரண்டையும் பாருங்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிச் சூட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முடிவுக்கு வரும் வரை 3060 கார்டுகள் பல இரவு பகலாக அதில் உழைத்தவை. உழைத்த கார்டு என்பதாலேயே அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஃபேனையும் தெர்மல் பேஸ்டையும் மாற்றும் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு மருமகன் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. 1060-ஐக் கழற்றித் தூசி தட்டி, பேஸ்ட் மாற்றினோம். அறையில் ஃபேன் மட்டும்தான் என்பதால் கேமில் 60 பிரேமுக்கு மேல் போகாமல் கட்டிவைத்தோம். மெட்ரோ எக்ஸோடஸின் பழைய பதிப்பை விளையாடிக்கொண்டிருக்கிறான். பாதி தூரம் வந்துவிட்டான். சேர்த்த பணத்தில் முதலில் 8 பின் வயரோடு ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குவது என்று முடிவு. கார்டு செமஸ்டர் லீவுக்கு அப்புறம். வருகிற சனிக்கிழமை எஸ்எம்பிஎஸ் வாங்க டவுனுக்குப் போகிறோம், மழை பெய்து குளத்தில் தண்ணீர் இருந்தால் அப்படியே கோயிலுக்கும் போய் வடகரையில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றிருக்கிறான்.